கல்லாப்பெட்டிக்கு மேல் ஒரு சாமி படம்

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கிக் கோவில்பதாகைக்கு வருகிறவர்கள் காலை ஆறரை மணிக்கு இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மளிகைக் கடையின் ஷட்டர் மேலே ஏறுகிறது. கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளிக்கிறார். கல்லாப்பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கும் முருகன் படத்திலிருந்து நேற்றைய பூவை எடுத்துவிட்டுப் புதுச் சரம் சாத்துகிறார். ஊதுபத்தியை ஏற்றிப் படத்தைச் சுற்றுகிறார், கல்லாவைச் சுற்றுகிறார், பிறகு தராசையும் ஒரு சுற்று சுற்றுகிறார். அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து முதல் போணி. அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுகிறார். முதல் போணிக்குக் கடன் கிடையாது.

பக்கத்துப் பிரியாணிக் கடையில் மெக்கா படமும் 786 என்ற எண்ணும் இருக்கின்றன. எதிரே ஜெராக்ஸ் கடையில் வேளாங்கண்ணி மாதா. சாமி மாறுகிறது, மாட்டியிருக்கும் இடம் மாறவில்லை. மூன்று கடையிலும் கல்லாவுக்கு மேலேதான்.

ஏன் என்று கேட்டால் பக்திதான் என்பார்கள். உண்மைதான். ஆனால் பக்திக்கு வீட்டில் பூஜை அறை இருக்கிறதே, தராசுக்கு எதற்கு ஊதுபத்தி? கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடுவது எதற்கு? களத்தில் நெல் அளப்பவர் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்குவது எதற்கு? வாங்குவதும் விற்பதும் நடக்கிற இடத்தில் தெய்வத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் ஐயாயிரம் ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கும். வழியில் நம் மதுரைக்குப் பக்கத்து மலை ஒன்றில் சற்று அதிக நேரம் தங்குவோம்.

ஊர் பெரிதானால் என்ன ஆகும்?

நூறு வீடுகள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். எந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் வரலாம். அப்படி எத்தனை ஜோடி வீடுகள் இருக்கும்? 4,950. நிறையத்தான், ஆனாலும் சமாளிக்கலாம். யார் வீட்டில் கொடுத்த நெல் திரும்பி வரும், யார் வீட்டில் வராது என்பது திண்ணைப் பேச்சில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே ஏமாற்றியவன் மறுநாள் அதே கிணற்றுக்குத்தான் தண்ணீருக்கு வர வேண்டும்.

இப்போது பத்தாயிரம் வீடுகள் உள்ள நகரம். வீடுகள் நூறு மடங்குதான் கூடியிருக்கின்றன. ஜோடிகளோ கிட்டத்தட்ட ஐந்து கோடி. இதில் யாரை யாருக்குத் தெரியும்? எதிரே நிற்பவர் நல்லவரா என்று சொல்லத் திண்ணை இல்லை. ஏமாற்றியவன் அடுத்த தெருவில் மறைந்துவிடுவான். வெளியூரிலிருந்து வந்து, பேச்சும் புரியாமல், சரக்கை இறக்கிவிட்டுப் போகிறவன் கதை இன்னும் கடினம்.

இதை ‘முகமறியா வணிகம்’ என்று அழைப்போம். நாகரிகம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சிக்கலுக்கு மனிதர்கள் கண்ட தீர்வுகள்தான். இன்றைய ஆவடிக்கு இது நன்றாகவே புரியும். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் எங்கெங்கிருந்தோ வந்தவர்களால் நிறைந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத தெருக்கள் முளைத்தன.

முகமறியா இரண்டு பேர் நடுவே வியாபாரம் நடக்க மூன்று பொருத்தம் வேண்டும். சரக்கை நம்பி வைக்க ஓர் இடம் வேண்டும். இருவரும் ஒத்துக்கொள்ளும் ஓர் அளவு வேண்டும். பேச்சு மாறினால் கேட்க, இருவருக்கும் பொதுவான ஒரு சாட்சி வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ‘நடுச்சாட்சி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இடம், அளவு, நடுச்சாட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் முதன்முதலில் கிடைத்தது கோயிலில்.

எழுத்து பிறந்த குப்பைமேடு

இன்றைய ஈராக்கின் தெற்கே உருக் என்ற நகரம் இருந்தது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே பல்லாயிரம் பேர் அங்கு வாழ்ந்தார்கள். நகரின் நடுவே இனன்னா என்ற பெண் தெய்வத்தின் கோயில் வளாகம். அதை ஏயன்னா என்பார்கள். பார்லி, கம்பளி, எண்ணெய், ஆட்டு மந்தைகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. கூலியாட்களுக்குப் படியும் அங்கிருந்து அளந்து கொடுக்கப்பட்டது.

இவ்வளவு வரவு செலவை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஈரக் களிமண்ணை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, நாணல் குச்சியால் கோடும் குழியும் போட்டார்கள். ஒரு குறி ஆட்டுக்கு, இன்னொன்று பார்லிக்கு, பக்கத்தில் எண்ணிக்கை. உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இவையும் உண்டு. அகழ்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான பலகைகளில் மிகப் பெரும்பாலானவை கணக்குகள். எஞ்சியவை பெரும்பாலும் எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். கதையோ பாட்டோ அங்கே இல்லை. எழுத்தை உண்டாக்கியவர்கள் கோயில் கணக்குப்பிள்ளைகள்.

அந்தப் பலகைகள் கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. கணக்கு முடிந்ததும் தூக்கிப் போட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு மேடு எழுப்பக் குப்பையோடு சேர்த்துக் கொட்டினார்கள். அந்தக் குப்பைதான் இன்று மனிதகுலத்தின் விலைமதிப்பில்லாத ஆவணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் மறுபடி இங்கே வருவோம்.

சத்தியம் செய்தால் போதும்

இடமும் அளவும் கணக்கும் உருக்கில் பார்த்தோம். நடுச்சாட்சி எப்படி வேலை செய்தது என்பதைப் பாபிலோன் மன்னர் அம்முராபியின் சட்டக் கல் காட்டுகிறது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் வெட்டியது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கு மேல் கறுப்பாக நிற்கிறது. கல்லின் உச்சியில் நீதிக்கு அதிபதியான சூரிய தெய்வம் ஷமாஷ் அமர்ந்திருக்க, மன்னர் எதிரே நிற்கிறார்.

முதலாளி பணம் கொடுக்கிறார், முகவர் அதை எடுத்துக்கொண்டு தூரதேசம் போய் வியாபாரம் செய்கிறார். வழியில் எதிரிகள் கொள்ளையடித்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தவர் சொல்வது உண்மையா, முதலாளி எப்படி அறிவார்? 103ஆவது விதி இதற்கு வழி சொல்கிறது. முகவர் தெய்வத்தின் முன் சத்தியம் செய்தால் போதும், கடனிலிருந்து விடுபடுவார். அடுத்தடுத்த விதிகளில் ரசீது வருகிறது. கொடுத்த பணத்துக்கு முத்திரையிட்ட ரசீது வாங்க வேண்டும், வாங்கத் தவறினால் அந்தப் பணம் கணக்கில் சேராது.

ரசீது எழுத முடிகிற இடத்துக்கு ரசீது. கண் எட்டாத பாலைவனத்துக்குத் தெய்வம். இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. அந்த மக்களுக்கு இவை ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள்.

எல்லா நாகரிகமும் இதே வழியில் போனதா என்று கேட்டால், சிந்துவெளி வேறு ஒன்றைக் காட்டுகிறது. கோயில் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடம் எதுவும் அங்கே இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஒழுங்காக அறுத்த சதுரக் கல் எடைகள் ஊர் ஊராகக் கிடைத்திருக்கின்றன. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும் வரிசை. அதில் பதினாறு மடங்கு எடை சுமார் 13.7 கிராம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களிலும் அதே எடை. அங்கே நம்பிக்கையைத் தாங்கியதில் பெரும் பங்கு அந்தக் கல்லுக்கு.

மாங்குளம் மலையில்

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் மாங்குளம் என்ற சிற்றூர். ஊரை ஒட்டி ஒரு குன்று. வெயிலில் ஏறிப் போனால் இயற்கையான பாறைக் குகைகள் வருகின்றன. உள்ளே தரையைச் செதுக்கி வழவழப்பாக்கிப் படுக்கைகள் செய்திருக்கிறார்கள். தலை வைக்கும் பக்கம் கல்லே சற்று மேடாகத் தலையணை போல நிற்கிறது. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் பாறையில் வழிந்து வந்து அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும், படுக்கை நனையாது. அதற்கு அருகே ஆணியால் கீறியது போலப் பெரிய பெரிய எழுத்துகள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்துகள்.

1882இல் ராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டு சொன்னார். 1920களில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இந்த வகைக் குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் இதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்தார். தமிழ் மன்னன் ஒருவன் பெயர் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று.

மொத்தம் ஆறு கல்வெட்டுகள். நந்தஸிரி என்ற சமணத் துறவிக்காகப் பள்ளி அமைத்ததைச் சொல்பவை. யார் யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி ஒருவர். மன்னனின் சகலன் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர். இவர்களோடு, வெள்ளறை நிகமத்தார். வெள்ளறை என்பது பக்கத்து வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் சங்கம். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த, காவிதிப் பட்டம் பெற்ற அந்தை அஸுதன் என்பவர் தம் பெயரைத் தனியாகவே வெட்டி வைத்திருக்கிறார். அரண்மனை, கடைத்தெரு, துறவு மூன்றும் ஒரே பாறையில்.

மூன்று சொற்களைக் கவனியுங்கள். அறத்துக்குத் ‘தம்மம்’, துறவியர் தங்குமிடத்துக்குப் ‘பள்ளி’, வணிகர் சங்கத்துக்கு ‘நிகமம்’. தம்மமும் நிகமமும் வடக்கிலிருந்து பிராகிருத மொழி வழியாக வந்தவை. ஒன்று வழிபாட்டுச் சொல், மற்றது வியாபாரச் சொல். இரண்டும் ஒரே பாதையில், ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே கூட்டத்தோடு நடந்து வந்திருக்கின்றன.

இங்கிருந்து சற்றுத் தள்ளி அழகர்மலை. அங்குள்ள குகையிலும் கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன. உப்பு வணிகர் ஒருவர், கலப்பைக்குக் கொழு விற்பவர் ஒருவர், பாகு விற்பவர் ஒருவர், துணி வணிகர் ஒருவர், மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். மதுரைக் கடைத்தெருவே மலை ஏறி வந்து வரிசையில் நிற்பது போல இருக்கிறது.

அந்த உப்பு வணிகரோடு கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம். இனி வருவது கல்வெட்டில் இல்லை, நம் கற்பனை. கடற்கரையிலிருந்து உப்பு மூட்டைகளோடு வருகிறார். உப்பைக் கொடுத்துவிட்டுக் கொழுவும் துணியும் வாங்கிப் போக வேண்டும். கொழு இன்று இருக்கிறது, அவருடைய மிச்ச உப்பு அடுத்த மாதம்தான் வரும். கொழு விற்பவர் இவரை முன்பின் பார்த்ததில்லை. கடனுக்குக் கொடுக்கலாமா?

‘நான் நாணயமானவன்’ என்று வாயால் சொல்ல யாருக்கும் செலவில்லை, திருடனும் சொல்வான். ஆனால் குகையில் கற்படுக்கை செதுக்கிக் கொடுக்கப் பணம் வேண்டும். உளியோடு கல்தச்சர்கள் பல நாள் வேலை செய்ய வேண்டும். போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாது, மலையைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது? அதுவும் பெயரை வெட்டி வைத்துவிட்டால், ஏமாற்றிய மறுநாள் அந்தப் பெயரே அவருக்கு எதிரியாக நிற்கும். நாளைக்கு ஓடப்போகிறவன் இப்படிச் செலவு செய்ய மாட்டான். ஆகவே பாறையில் இருக்கும் பெயர், ‘இவர் திரும்பி வருவார்’ என்பதற்கான சான்று. இப்படிப் பொய்யாகக் காட்ட முடியாத அளவுக்குச் செலவு வைக்கும் அடையாளத்தைச் ‘செலவுச் சான்று’ என்று சொல்லலாம். மயில் தோகையைப் பற்றி எழுதும் உயிரியலாளர்களும் இதே கருத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நலிந்த மயிலால் அவ்வளவு பெரிய தோகையைச் சுமக்க முடியாது.

துறவிக்கு இதில் என்ன இடம்? சமணத் துறவி சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவார், மற்ற நாளெல்லாம் ஊர் ஊராக நடப்பார். இருவர் வழக்கிலும் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பல ஊர் மக்களை அறிந்தவர், எதையும் விரும்பாதவர். அவரைவிட நல்ல நடுச்சாட்சி எங்கே கிடைப்பார்?

இதைப் படித்துவிட்டு, உப்பு வணிகர் கணக்குப் போட்டுத்தான் கொடை கொடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. உளிச் சத்தத்தைக் கேட்டு நின்ற அந்த மனிதரின் நெஞ்சில் இருந்தது அறம்தான், மறுபிறவி பற்றிய அச்சம்தான், அடக்கமாக அமர்ந்திருந்த ஒரு துறவியின் மேல் வந்த மரியாதைதான். அந்த நம்பிக்கை உண்மையானது என்பதாலேயே அது வியாபாரத்தையும் தாங்கியது. நடிப்பாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறை தாண்டியிருக்காது.

செராபிஸ் கோயிலில் நம் மிளகு

பதாகை என்றால் கொடி. எங்கள் கோவில்பதாகையின் பெயரில் கோயிலும் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பட்டினப்பாலையில் வரும் பூம்புகாரிலும் அப்படித்தான். தெய்வத்தின் வாசலில் கொடி, அறிஞர்களை வாதுக்கு அழைக்கும் கொடி, துறையில் நிற்கும் கப்பலின் கொடி, கள்ளுக்கடைக் கொடி என்று அந்த நூல் வரிசையாகச் சொல்கிறது. புதிதாகத் துறையில் இறங்கும் ஒருவருக்கு மொழி தெரியாவிட்டாலும் கொடி தெரியும்.

இத்தகைய தமிழகத் துறைகளிலிருந்து புறப்பட்ட சரக்கு செங்கடல் வரை போனது. எகிப்தின் செங்கடல் கரையில் பெர்னிகே என்ற பழைய துறைமுகம். அங்கே செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், 1999இல், தரையில் புதைத்திருந்த ஒரு பெரிய சாடியைத் தோண்டி எடுத்தார்கள். இந்தியாவில் செய்த சாடி. உள்ளே சுமார் ஏழரைக் கிலோ மிளகு, முதலாம் நூற்றாண்டுச் சரக்கு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்த்தது கடல் தாண்டி ஒரு கோயில் முற்றத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. முன்னே சொன்ன முதல் பொருத்தம், சரக்கை நம்பி வைக்கும் இடம், இதுதான்.

அதே பெர்னிகேயில் ஐசிஸ் கோயிலின் முன்வாசலில் 2022இல் பளிங்குப் புத்தர் சிலை ஒன்று கிடைத்தது. மறுபக்கம், ரோமானியர் வழித்தடங்களைக் காட்டும் பழைய வரைபடத்தின் பிரதி ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதில் நம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு அருகே அகஸ்டஸ் பேரரசரின் கோயில் என்று குறித்திருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்தபோது தங்கள் தெய்வத்தைக் கொண்டு வந்தார்கள். நம்மவர்கள் அங்கே போனபோது நம் தெய்வத்தைக் கொண்டு போனார்கள். சரக்கு எங்கே இறங்கியதோ அங்கே சாமியும் இறங்கியது.

ஆடவல்லான் என்ற எடைக்கல்

ஆயிரம் ஆண்டு கழித்துச் சோழ நாட்டுக்கு வந்தால், தராசுக்கு ஊதுபத்தி காட்டுவதன் பொருள் இன்னும் தெளிவாகும். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் பொன்னை எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்று சொல்கின்றன. அந்தக் கல்லின் பெயர் ஆடவல்லான். ஆடவல்லான் என்றால் நடராசர். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். எடையில் கள்ளம் செய்தால் அது பக்கத்திலிருப்பவரை ஏமாற்றுவதோடு நிற்காது, கூத்தன் பெயரையே குறைத்த குற்றமாகும்.

அதே கோயில் ஊர்ச் சபைகளுக்குக் காசு கடன் கொடுத்தது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. கடன் பத்திரம் கோயில் சுவரே. யார் வாங்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பது இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

இந்த மரபு கப்பலேறியும் போனது. சீனத்தின் சுவான்சௌ நகரில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே சிவன் திருமேனி எழுந்தருளியதைச் சொல்கிறது. பின்னாளில் ரங்கூனில் நகரத்தார் வணிகர்கள் தங்கள் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். முருகன் சன்னிதியில் ஒத்துக்கொண்ட வட்டியைத் தெருவில் போய் மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது.

ஒரு கல், மூன்று தெய்வம்

ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் சரி. வேறு வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் சந்தித்தால்?

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இதற்கு விடை சொல்லும் ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. அது 1409இல் சீனத்தில் வெட்டிய கல். சீனப் பேரரசரின் தளபதி செங் ஹே தம் கடற்படையோடு இலங்கைக்குக் கொண்டு வந்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரை, அதாவது திருமாலை, வணங்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது.

காணிக்கைப் பட்டியலைப் பார்த்தால் வியப்பு வரும். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, நூறு சுருள் பட்டு, நறுமண எண்ணெய், விளக்குகள், தூபக்கால்கள். மூன்று தெய்வத்துக்கும் ஏறக்குறைய ஒரே சீர். ஒருவருக்குக் கூட்டி இன்னொருவருக்குக் குறைக்கவில்லை. இலங்கைத் துறைகளில் பௌத்தர், தமிழ் வணிகர், முஸ்லிம் வணிகர் என்று மூன்று கூட்டமும் இருந்தன. யாரோடும் வியாபாரம் வேண்டும் என்றால் எல்லோருடைய நடுச்சாட்சிக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று அந்தப் படை அறிந்திருந்தது. அந்தக் கல்லில் தமிழ் கடல் வணிகத்தின் மொழிகளில் ஒன்றாக நிற்பதை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது.

கோயில் நம்பிக்கைக்கு வேலி போடுகிறது. வேலிக்கு உள்ளே இருப்பவருக்குக் கடன் கிடைக்கும், இடம் கிடைக்கும், சாட்சி கிடைக்கும். வெளியே நிறுத்தப்பட்டவருக்குச் சாமி மட்டுமா மறுக்கப்பட்டது? சந்தையிலும் அவருக்குப் பாதிக் கதவுதான் திறந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

அவர்கள் தங்களுக்கென்று ஓர் ஏற்பாட்டைக் கட்டிக்கொண்டார்கள். விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்ற அவர்களுடைய ஊர்ச் சங்கம் அதற்குக் கணக்கு வைத்தது. அந்தப் பணத்தில் கோயில் எழுந்தது, கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவை வளர்த்தது இப்படிச் சேர்ந்த பொதுப் பணமும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும்தான். காமராஜர் அங்கே படித்தார். கதவு மூடியபோது தங்கள் கதவைத் தாங்களே செய்துகொண்டவர்களின் கதை அது. எந்த நம்பிக்கை ஏற்பாட்டைப் பார்த்தாலும், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது என்று அது நமக்குக் கற்பிக்கிறது.

மறுபடி அந்தக் கடை

கோவில்பதாகைக் கடைக்குத் திரும்புவோம். முருகன் படத்துக்குக் கீழே இப்போது ஒரு கியூஆர் கோடு அட்டை. பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி. வாடிக்கையாளர் போனைக் காட்டியதும் “எழுபது ரூபாய் பெறப்பட்டது” என்று அது கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறது. வாங்கியவரும் கேட்கிறார், விற்றவரும் கேட்கிறார், வரிசையில் நிற்பவரும் கேட்கிறார். அதுவும் ஒரு நடுச்சாட்சிதான். மாங்குளத்துத் துறவி செய்த வேலையில் ஒரு சிறு பங்கை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கடைக்காரர் ஊதுபத்தியை நிறுத்தவில்லை. ஒலிப்பெட்டி பணம் வந்ததைத்தான் சொல்லும். பருப்பில் கல் கலக்கவில்லை, எடையில் குறைக்கவில்லை என்பதற்கு இன்னும் மேலே இருக்கும் படம்தான் சாட்சி. தராசுக்கு ஊதுபத்தி எதற்கு என்று தொடக்கத்தில் கேட்டோமே, விடை இதுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா கடை வைத்திருந்தாரா? பரணில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு கிடக்கிறதா? முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் மஞ்சள் கறையும், நடுவில் மகமை, கோயில் வரி, யாரோ ஒருவர் பெயரில் திரும்பி வராத பதினேழு ரூபாய் என்றெல்லாம் இருக்கும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உருக்கில் குப்பையில் கொட்டிய கணக்குப் பலகைகள் தற்செயலாகத் தப்பியதால்தான் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்களை இன்று நாம் அறிகிறோம். அவை களிமண், பிழைத்தன. பேரேடு காகிதம், நாம் காப்பாற்றினால்தான் பிழைக்கும்.